என்ஜின் காலும் தோசைக்கல்லும்

ஏனுங்க, என் ஆசை மாமாவுக்கு,

எந்த உலகத்தில் இருந்தாலும் வேலையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள். உங்கள் கார் ஓடிவிட்டது. இன்று காலை, ஊரே பார்க்க, நம் வாசலிலிருந்து கிளம்பி ஓடியது. சந்தோஷத்தில் அவசர அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதீர்கள்.

கட்டிய நாளிலிருந்து உங்களை மாமா என்று கூப்பிட்டே பழகிவிட்டேன். ஏழு மாதமாகக் கூப்பிட ஆளில்லாமல் வாய் அடைத்துக் கிடந்தது. அந்த விஷக் காய்ச்சல் எட்டே நாளில் உங்களைக் கொண்டுபோகும் என்று யார் நினைத்தது? எட்டாம் நாள் காலையில்கூட "காருக்குப் பெட்ரோல் டின் வந்துதா" என்றுதானே கேட்டீர்கள்?

நீங்கள் போன பிறகு ஆரோக்கியம்தான் காரை ஓட்டினார். நீங்கள் பழக்கிய டிரைவர், உங்களைவிட நிதானம். போத்தனூர் ஸ்டேஷனில் ரயில் வரும் நேரத்துக்குப் போய் நின்று, வாடகை சவாரி பிடித்து, வந்ததைக் கொண்டுவந்து என் கையில் கொடுப்பார். அதில்தான் அடுப்பு எரிந்தது. போன மாதம் பல்லடம் ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் என்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து கடகடவென்று ஆடியிருக்கிறது. குனிந்து பார்த்தால் என்ஜின் கால் விரிசல் விட்டிருந்தது.

என்ஜின் கால் என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். என்ஜினைத் தூக்கிப் பிடித்து வண்டிச் சட்டத்தில் உட்கார வைக்கும் வார்ப்பிரும்புத் துண்டு அது. முழங்கை நீளம்கூட இல்லை. அது போனால் அத்தனை பெரிய சீமைக் காரும் கொட்டகையில் நிற்க வேண்டியதுதான். புதுக் கால் கப்பலில் வர மூன்று மாதமாகும் என்றார்கள்.

உங்கள் தம்பி வந்தார். அண்ணி முறைக்கு நங்கை என்று கூப்பிட்டு, மரியாதையாகத்தான் பேசினார்.

"நங்கை, சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. ஓடாத வண்டிய ஊட்டுல வெச்சுட்டு என்னங்க பண்றது? தாராபுரத்துல ஒருத்தரு கேக்கறாருங்க. புதங்கெழம வாரேன்னுட்டாரு. வித்துப்போட்டு நீங்க சோமனூருக்கே போயிருங்க. உங்க அண்ணன் ஊட்டுல சோத்துக்கா பஞ்சம்?"

சோத்துக்குப் பஞ்சமில்லை, மாமா. ஆனால் அண்ணி போடும் சோற்றை இந்த வயதில் கைநீட்டி வாங்க எனக்கு மனசில்லை. இது என் வீடு. இதில் என் காரின் சம்பாத்தியத்தில் இருக்கத்தான் ஆசை. அதை எப்படி அவரிடம் சொல்வது?

"புதங்கெழமைக்குள்ள ஓடிச்சுன்னா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஓடிச்சுன்னா நானெதுக்குங்க விக்கறேன்? ஓடோணுமல்லங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆரோக்கியம் அந்தக் காலைக் கழற்றினார். அப்போதுதான் உங்கள் வண்டவாளம் வெளியே வந்தது. காலுக்கும் சட்டத்துக்கும் நடுவே மெத்தென்று இருக்க வேண்டிய தோலை எடுத்து எறிந்துவிட்டு இரும்புத் தகட்டை வைத்திருக்கிறீர்கள். மரையை முறுக்கியிருந்த முறுக்கில் ஸ்பேனருக்கு மேல் குழாயைச் செருகி ஏறி மிதித்தார் அவர். வண்டி கொஞ்சம் ஆடினாலும் உங்களுக்குப் பொறுக்காதே. ஆட விடாமல் இறுக்கியதால்தான் அது வெடித்தது. "அண்ணன் வேலைங்கம்மா" என்று ஆரோக்கியம் சிரிக்க, எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. செத்தும் என்னை வேலை வாங்குகிறீர்களே.

நம் ஊர் வேலப்ப ஆசாரியிடம் கொண்டுபோனோம். ஏர்க்கொழுவும் மாட்டுவண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டாவும் தவிர வேறெதையும் தொடாத மனிதர். ஆனால் கை சுத்தம். விரிசலைச் சுரண்டி, ஒட்டுப் பிடிக்க வெங்காரம் தூவி, பித்தளையை உருக்கி ஓடவிட்டார். மஞ்சள் கோடு விரிசல் நெடுகப் பளபளவென்று ஓடியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அடுத்து அவர் என்ன செய்தார் தெரியுமா? கொழுவுக்குச் செய்கிற பழக்கத்தில், சிவக்கச் சிவக்க அதைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். உள்ளே 'டப்' என்றது. எடுத்துப் பார்த்தால் ஒட்டு அப்படியே இருக்கிறது, பக்கத்திலேயே பிளந்து கால் இரண்டு துண்டாகிவிட்டது.

மாமா, அவர் குறட்டால் தூக்கும்போதே எனக்குத் தெரியும். நம் கல்யாணமான வருஷம், தீபாவளி நோம்பிக்குத் தோசை சுட்ட சூட்டோடு வார்ப்புத் தோசைக்கல்லில் தண்ணீரைக் கொட்டி நான் உடைத்தேனே, உங்கள் அம்மா ஒரு மாதம் பேசினார்களே, நினைவிருக்கிறதா? அதே இரும்பு, அதே சத்தம். வாய் வரைக்கும் வந்தது. ஆசாரியின் உலைக்களத்தில் நின்று பொம்பளை யோசனை சொல்வதா என்று விழுங்கிவிட்டேன். அந்த ஒரு நொடிக் கூச்சம் என்னைச் சோமனூருக்கு வண்டியேற்றியிருக்கும்.

"என்ன எரும்புங்க இது? நம்ம எரும்பு தண்ணியில போட்டாக் கெட்டியாகுமுங்க. இது வெடிக்குது" என்று ஆசாரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

"ஏனுங் ஆசாரி, தெரிஞ்சே வாய மூடிட்டு நின்னுபோட்டேனுங்க" என்று தோசைக்கல் கதையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"தோசக்கல்லுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வெளங்கியிருக்குமுங்க அம்மணி. எங்கூட்டுலயும் ஒண்ணு ஒடஞ்சு கெடக்குது" என்றார். துண்டுகளை எடுத்துப் பொருத்திப் பார்த்துக்கொண்டே, "சரி, அடுப்புல இருந்து எறக்குன தோசக்கல்ல எப்படிங்க ஆத்துவீங்க?" என்று கேட்டார்.

"ஆத்தறதே இல்லீங்க. அப்படியே அடுப்பு மேலயே உட்டுருவோம். அதாவே ஆறோணும்."

மறுநாள் எல்லோரும் நம் ஊர்க் கரும்பாலைக்குப் போனோம். துண்டுகளின் ஓட்டைகள் இடம் மாறாமலிருக்க, ஆரோக்கியம் இரண்டையும் ஒரு பழைய வண்டிப் பட்டாவோடு சேர்த்து போல்ட் போட்டுப் பிணைத்தார். வெல்லம் காய்ச்சும் அடுப்பின் வாயில் வைத்து, ஒட்டும் இடத்தை மட்டும் காய்ச்சாமல் முழுக்காலையும் மெல்ல மெல்லச் சிவக்க வைத்தார் ஆசாரி. பித்தளை ஓடியது. தூக்கிய கையோடு அடுப்புக் குழியின் சுடுசாம்பலுக்குள் புதைத்தோம். மத்தியானம் புதைத்தது. அடுத்த நாள் மத்தியானம் வரை யாரும் தொடக்கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

ஆசாரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "சும்மா ஒரு ஓரமாப் பாத்துப்போட்டு மூடிரலாமுங்களே" என்று மூன்று தரம் கேட்டார். நான் கரும்புச் சக்கைக் கட்டின்மேல் சட்டமாக உட்கார்ந்து மூன்று தரமும் மாட்டேன் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாம்பலை விலக்கி எடுத்தபோது கால் வெதுவெதுப்பாக இருந்தது. ஆசாரி சுத்தியலால் தட்டினார். உடைந்த பாத்திரம் போல் சொத்தென்று கேட்கவில்லை, கணீரென்றது. அந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். என் கண்ணை அவரும் பார்த்திருப்பார். மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் பழைய கவலைச் சாலின் தோலை வெட்டி அடியில் வைத்து, அளவாக முறுக்கி, பொழுது சாய்வதற்குள் மாட்டிவிட்டார்கள்.

இன்று புதன்கிழமை. தாராபுரத்துக்காரர் பஸ்ஸில் வந்து இறங்கினார். நல்ல வயசாளி. ஓடாத காரைக் கட்டி இழுத்துப்போக இரண்டு ஜோடி மாடுகளையும் வடக்கயிற்றையும் உங்கள் தம்பி கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஆரோக்கியம் ஹேண்டிலைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டாம் சுற்றில் என்ஜின் பிடித்துக்கொண்டது. மாடுகள் மிரண்டு கயிற்றோடு வேலிக்குள் பாய்ந்தன. உங்கள் தம்பி காரைப் பார்ப்பதா மாட்டைப் பிடிப்பதா என்று நின்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஓடற வண்டிய யாருங்க விப்பாங்க? வந்ததுக்கு என்னை டவுனு பஸ் ஸ்டாண்டுக்காச்சும் கொண்டுபோயி உட்ருங்க, வாடகையக் குடுத்துடறேன்" என்று அந்தப் பெரியவர் ஏறி உட்கார்ந்தார். வாங்க வந்தவரே முதல் சவாரி.

நான் அதுவரை கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். நீங்கள் போன நாளிலிருந்து, யாராவது பயணம் கிளம்பினால் நான் வாசலுக்கு வருவதில்லை. யாரும் வராதே என்று சொன்னதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. ஆனால் இன்று அந்தக் கால் ஆடுகிறதா என்று பார்க்கிற அவசரத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. ஓடிப்போய்க் காருக்கு நேர் எதிரே குனிந்து பார்க்கிறேன். ஒட்டு அசையவில்லை, மாமா. என்ஜின் தோல்மேல் மெதுவாகச் சிலிர்க்கிறது, அவ்வளவுதான். நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. வெள்ளைச் சேலையோடு, கிளம்புகிற சவாரிக்குக் குறுக்கே நிற்கிறேன். உங்கள் தம்பி தரையைப் பார்த்தார். ஆரோக்கியம் ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

பெரியவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "ஏனுங் அம்மணி, அப்படியே நிக்கறீங்க? வண்டிக்காரவுங்க போயிட்டு வாங்கன்னு சொன்னாத்தானுங்களே வண்டி கெளம்பும்?"

சொன்னேன். ஏழு மாதத்துக்குப் பிறகு ஒருவரைப் பார்த்து "போயிட்டு வாங்க" என்று சொன்னேன். கார் என்னைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் ஏறிப் போயிற்று.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி இந்த வாசலிலிருந்து எந்தச் சவாரி கிளம்பினாலும், கல்யாணச் சவாரியே ஆனாலும், நான் முன்னால் வந்து நின்று வழியனுப்புவேன். வேண்டாம் என்கிறவர்கள் நடந்து போகட்டும்.

எப்போதும் உங்கள்
வீட்டுக்காரி,
இப்போது வண்டிக்காரியும்