ஸ்டேப்ளர் அடித்த இரண்டு கவர்கள்

திங்கள், ஜூலை 21

காலையிலேயே வெக்கை. ஆவடியில் ரயில் பதினைந்து நிமிடம் லேட். அம்பத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு ஓட்டம். 7.10-க்கு ஐசியூவுக்குள். இன்சார்ஜ் லீலாம்மா சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

டியூட்டி மாறும்போது வழக்கமான ஜெபம். மருந்து டிராலியைச் சுற்றி ஆறு பேர். இது ஆஸ்பத்திரியின் சட்டம் இல்லை, லீலாம்மா சிஸ்டரின் சட்டம். "ஸ்டெல்லாவுக்கு நல்ல குரல்" என்று என்னையே சொல்லச் சொல்வார். சொன்னேன். வாய் அது பாட்டுக்குச் சொன்னது. உள்ளே ஓடியது: மகள் ஜெனிக்கு ஸ்கூல் சார்ட் பேப்பர், கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும், பிய்ந்த இடது கால் செருப்பு வார்.

பத்து மணிக்கு மேல் இரண்டு அட்மிஷன். கால் மணி நேர இடைவெளிகூட இல்லை.

4-ம் பெட்: தினேஷ், 24. அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை. மண்ணூர்பேட்டையில் பைக் சறுக்கித் தலையில் அடி. நினைவு இல்லை. வென்டிலேட்டர்.
5-ம் பெட்: ஏகாம்பரம், 71. பூந்தமல்லி பக்கம் விவசாயக் குடும்பம். நிமோனியா. நினைவு வருகிறது, போகிறது.

இரண்டு பேர் கையிலும் கயிறு. ஐசியூவில் உடம்பில் எதுவும் இருக்கக்கூடாது. தாயத்து, கயிறு, ஜெபமாலை எல்லாவற்றையும் எடுத்து காகித மாத்திரை கவரில் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து, பெயர் ஸ்டிக்கர் ஒட்டி, வீட்டாரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். எனக்கும் கூட வேலை பார்க்கும் நர்ஸ் யமுனாவுக்கும் இதில் ஒரு ஏற்பாடு. அவள் மாங்காட்டுக்காரி, அம்மன் மேல் உயிர். சாமி கயிற்றில் கத்தரிக்கோல் வைக்க மாட்டாள். "நீ வெட்டுடி, உன்ன அம்மன் கண்டுக்க மாட்டா." ஜெபமாலை, சிலுவை வந்தால் அவள் கழற்றுவாள். அவரவர் சாமியை அவரவர் தொடாமல் நான்கு வருடமாக ஓட்டுகிறோம்.

இன்று இரண்டுமே கயிறு. இரண்டுமே என் தலையில். வெட்டி ஒரே டிரேயில் போட்டேன். 4-ம் பெட்டில் அலாரம் அடித்ததும் ஓடினேன். திரும்பி வந்து கவரில் போட்டு ஸ்டிக்கர் ஒட்டினேன். மதியம் சாப்பாடு மூன்றரைக்கு. தயிர் புளித்துவிட்டது.

செவ்வாய், ஜூலை 22

ஆடிச் செவ்வாய். எஸ்டேட் முழுக்க ஸ்பீக்கர். மூடிய கண்ணாடியைத் தாண்டி உள்ளே கேட்கிறது.

தினேஷின் அம்மா வசந்தா. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கும் வேலை. புருஷன் இல்லை, ஒரே பையன். ஐசியூ கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபடியே நிற்கிறார். கையில் நான் கொடுத்த கவர்.

"இன்னா சிஸ்டரு, கண்ணு தொறந்தானா?"

"இன்னும் இல்லம்மா."

"இந்தக் கயிறு மாங்காட்ல நானே கட்டி உட்டது. ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வக்கிறேன்னு வேண்டிகினு கீறேன். பிரிச்சு மஞ்சத்தண்ணில அலசி வக்கட்டா?"

ரத்தம் பட்ட கயிறு. அதைப் பார்த்தால் இங்கேயே விழுந்து அழுவார், கூட்டம் கூடும். "பிரிக்காதீங்கம்மா. தினேஷ் எழுந்ததும் அவன் கையாலயே பிரிக்கட்டும்" என்றேன்.

அந்த அம்மா முகம் மாறிய விதம். எழுந்ததும் என்று நான் சொன்னதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டாக்டர் சொன்னது "பார்க்கலாம்" மட்டும்தான். நான் எதற்காக வாயைத் திறந்தேன்?

சார்ட் பேப்பர் மறந்தாயிற்று. ஜெனி பேசவில்லை.

புதன், ஜூலை 23

11.40. தினேஷ் என்று கூப்பிட்டபோது வலது ஆள்காட்டி விரல் அசைந்தது. இரண்டு முறை. எழுதி வைத்தேன். டாக்டர் வந்து பார்த்து, "இப்பவே எதுவும் சொல்ல முடியாது சிஸ்டர், வீட்ல சொல்லி ஆசை காட்டாதீங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, அந்த அம்மா கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார். அந்த நேரம் கவரைக் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாராம். யமுனாவிடம் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார். யமுனாவும் அழுதாள். "பாத்தியா ஸ்டெல்லா, இதுக்கு இன்னா சொல்ற?" பொட்டாசியம் ரிப்போர்ட் வந்ததா என்று கேட்டேன்.

5-ம் பெட் ஐயாவுக்கு மூச்சு வாங்குகிறது. நினைவு வரும்போதெல்லாம் இடது மணிக்கட்டைத் தடவித் தடவித் தேடுகிறார். "கயிறு உங்க பொண்ணுகிட்ட பத்திரமா இருக்கு ஐயா" என்று நான்கு முறை சொன்னேன். தலையாட்டுகிறார். மறுபடி தேடுகிறார்.

வியாழன், ஜூலை 24

ஆஃப். துணி. ஜெனிக்குச் சார்ட் (சூரியக் குடும்பம், சனிக்கு வளையம் நான் போட்டது). செருப்பு தைக்கக் கொடுத்தேன். மதியம் ஒரு தூக்கம்.

என் வீட்டுக்காரர் சாமுவேல் சாப்பிடும்போது கேட்டார்: "ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு வருவியா, டியூட்டியா?" டியூட்டி என்றேன். எனக்குள் ஒரு நிம்மதி, அதைப் பார்த்து எனக்கே வெட்கம்.

இங்கே எழுதலாம், யாரும் பார்க்கப் போவதில்லை. கொரோனா நேரத்தில் ஒவ்வொரு பெட்டாக நின்று ஜெபித்தேன். கவச உடைக்குள் வேர்த்து ஊற்ற ஊற்ற. ஒருநாள் காலை வார்டில் நான் ஜெபித்த பெட் எல்லாம் காலி, ஜெபிக்க நேரமில்லாமல் விட்ட ஒரு பெட்டில் மட்டும் ஆள் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றோடு சரி. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. போன் போட்டால் ரிங் போகிறது, எடுக்கவில்லை, எத்தனை தடவை போடுவது? சாமுவேலுக்குத் தெரியாது. லீலாம்மா சிஸ்டருக்குத் தெரிந்தால் செத்தேன்.

வெள்ளி, ஜூலை 25

காலை 9.20. ஏகாம்பரம் ஐயா போய்விட்டார். நாற்பது நிமிடம் நெஞ்சை அழுத்திப் பார்த்தோம். தோள்பட்டை வலிக்கிறது.

மகள் கீதா வந்தார். சத்தமில்லாத அழுகை. உடம்பைத் துடைத்துத் தயார் செய்துகொண்டிருந்தேன். "சிஸ்டர், அந்தக் கயித்த நானே கட்டி விட்டுடறேன். எங்கம்மா சாகறதுக்கு முன்னாடி கட்டினது. அதோடதான் தன்னை எரிக்கணும்னு அப்பா சொல்லிட்டே இருப்பாரு." கைப்பையிலிருந்து கவரை எடுத்துப் பிரித்தார்.

உள்ளே சிவப்புக் கயிறு. காய்ந்த ரத்தம்.

"இது எங்க அப்பாவோடது இல்லயே சிஸ்டர். அப்பாவுது கறுப்பு. சின்னதா வெள்ளிக் குண்டு கோத்திருக்கும்."

ஒரே டிரே. ஓடிப்போய் வந்து ஸ்டிக்கர் ஒட்டியவள் நான். கறுப்புக் கயிறு தினேஷின் அம்மா கையில், நான்கு நாளாக. பிரிக்காதே என்று சொன்னதும் நான்.

கீதாவிடம் உண்மையைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். "நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கறோம் சிஸ்டர். அதுக்குள்ள வாங்கிக் குடுத்துடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கத்தியிருக்கலாம்.

வசந்தா அம்மா அங்கே இல்லை. ஆடி வெள்ளி, மாங்காட்டுக்குப் போயிருக்கிறார். கவரோடு.

லீலாம்மா சிஸ்டர் ஒரு படிவம் கொடுத்தார். நோயாளியின் பொருள்: கயிறு. மதிப்பு: (விட்டுவிட்டேன்). நடந்த பாதிப்பு: (அதையும்).

யமுனாவிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ அந்த விரல் அசஞ்சது எந்தக் கயித்துக்குடி?" என்றாள். கயிற்றுக்கு இல்லை, மூளையில் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கும் என்றேன். நம்பாத நான் எதற்கு அந்த விரலைப் போய்ப் பார்க்க வேண்டும்? நூல் மாறிவிட்டது, அவ்வளவுதானே.

டியூட்டி இரண்டு மணிக்கு முடிந்தது. காத்திருந்தேன். நான்கரைக்கு வசந்தா அம்மா வந்தார், நெற்றி நிறையக் குங்குமம். படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போய் உட்காரவைத்துச் சொன்னேன். கவரைப் பிரித்துக் காட்டினேன். கறுப்புக் கயிறு, வெள்ளிக் குண்டு.

குண்டை விரலால் உருட்டிப் பார்த்தார்.

"இது யாருது?"

"பக்கத்து பெட் ஐயாவுதும்மா. காலைல தவறிட்டாரு."

"எம்புள்ளையோடது எங்க?"

கீதா கொடுத்த சிவப்பைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். தொடவில்லை. "செத்தவுங்க ஊட்ல இருந்துச்சா இது, இத்தினி நாளா?"

ஆமாம் என்றேன்.

"அவுரு கயிறு எங்கிட்ட. எம்புள்ள கயிறு அவுங்ககிட்ட." விரலை மடக்கி ஏதோ எண்ணுகிறார். "அவுரு பூட்டாரு. எம்புள்ளைக்கு வெரலு அசஞ்சுது."

"அப்படி இல்லம்மா..."

"நீ சொம்மா இரு சிஸ்டரு." கறுப்புக் கயிற்றைச் சுருட்டி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். "இத நான் குடுக்க மாட்டேன். கால்ல வேணா உழறேன். குடுக்க மாட்டேன்."

நிஜமாகவே விழுந்தார். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில், என் பிய்ந்து தைத்த செருப்பில். தூக்கிவிடப் போய் நானும் உட்கார்ந்து அழுதேன். போகிறவர்கள் எல்லாம் யாரோ செத்துவிட்டார்கள் என்று ஒதுங்கிப் போனார்கள்.

கீதாவின் போன் மூன்று முறை. எடுக்கவில்லை.

சனி, ஜூலை 26

சீக்கிரமே கிளம்பி 6.30-க்கு வந்துவிட்டேன். தூறல். வசந்தா அம்மா ஆஸ்பத்திரி வாசலில், முக்காடு போட்டு, டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல்.

என்ன பேசுவது என்று ரயில் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். வீக்கம், மருந்து, ஸ்கேன். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில், "அந்த ஐயா அதைத் தேடித் தேடியே போயிட்டாரும்மா. கையைத் தடவிட்டே இருந்தாரு. அதைக் கட்டினது முன்னாடியே போயிட்ட அவரு சம்சாரம்" என்றேன்.

டீயைக் கீழே வைத்தார். "கட்னவ கையி அது. அவகிட்ட போவோணும் இல்ல?"

தலையாட்டினேன்.

"குடுத்துட்டா எம்புள்ளைக்கு இன்னா கீது? அந்தச் செவப்பு செத்த ஊடு பாத்துட்டு வந்துச்சு. அது வோணாம். வேற கயிறு கட்ட உடவும் மாட்ட நீ." என் கழுத்தைப் பார்த்தார். சாமுவேல் போட்ட சிலுவைச் செயின். "காத்தால காத்தால கண்ண மூடிகினு நீ ஜெபம் பண்றத நான் கண்ணாடில பாத்துகினுதான் கீறேன். எம்புள்ளைக்கு நீ பண்றியா? தெனம் பண்றேன்னு சொல்லு. இத எடுத்துக்க."

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அம்மா, நான் அங்கே செருப்பு வாரைப் பற்றி யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். மணி 6.50. பத்து மணிக்கு எடுக்கிறார்கள்.

"பண்றேம்மா" என்றேன்.

"உம் பொண்ணு மேல ஆணையா?"

"ஆணையா."

கயிற்றை எடுத்துக் கண்ணில் ஒற்றி என் கையில் வைத்தார். உடம்புச் சூடு இருந்தது அதில்.

எட்டு மணிக்குக் கீதாவின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டார். 10.25-க்கு கீதாவிடமிருந்து ஒரு மெசேஜ்: கட்டியாச்சு சிஸ்டர். நன்றி.

நன்றியாம்.

சிவப்புக் கயிறு என் யூனிஃபார்ம் பாக்கெட்டில். அதை என்ன செய்வது என்று யமுனாவிடம் கேட்டேன். "தண்ணில விடணும்" என்றாள். 4-ம் பெட்டைப் பார்த்துவிட்டு, "இப்ப வேணாம்" என்றாள்.

ஞாயிறு, ஜூலை 27

மழை விட்டு மறுபடி புழுக்கம். கூழ் ஊற்றும் கூட்டத்தால் ஆட்டோ சுற்றிக்கொண்டு போனது.

செய்தவை:
- ரயிலில் முயற்சி. ஜன்னல் ஓரம், கண்ணை மூடி. ஆண்டவரே என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அன்னனூரிலிருந்து அம்பத்தூர் வரை ஆண்டவரே மட்டும்.
- டியூட்டி ஜெபம். இன்று லீலாம்மா சிஸ்டரையே சொல்லச் சொன்னேன். தொண்டை சரியில்லை என்றேன்.
- 4-ம் பெட் பக்கத்தில் தனியாக ஒரு நிமிடம். தினேஷின் கையைப் பிடித்துக்கொண்டு. அவன் நகத்தில் இன்னும் லேத் கறுப்பு. எத்தனை துடைத்தும் போகவில்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தினேஷ்: ஜுரம் 102. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. கூப்பிட்டால் விரல் இல்லை. கிள்ளினாலும் இல்லை. டாக்டர் வந்தார், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், "நாளைக்கு இன்னொரு ஸ்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

11 மணிக்கு வசந்தா அம்மா. கதவைக் கொஞ்சமாகத் திறந்து, மெதுவாக:

"பண்ணியா சிஸ்டரு?"

"பண்ணேம்மா."

"நல்லா பண்ணியா?"

"நல்லா பண்ணேன்."

"சரி. இன்னொரு வாட்டி பண்ணு."

கதவு மூடியது. இத்தனை நாளும் அந்த அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்று மகனைத்தான் பார்ப்பார். இன்று அவனைப் பார்க்கவில்லை. நான் சளி உறிஞ்ச சக்ஷன் போடப் போனால் என்னை, சார்ட் எழுத உட்கார்ந்தால் என்னை, மருந்து எடுக்கப் போனால் என்னை. இரண்டு கையும் கூப்பியபடி.

கை கழுவத் திரும்பி நின்றேன். வேண்டுமென்றே ரொம்ப நேரம் கழுவினேன். குழாய்க்கு மேலே இருக்கும் கண்ணாடியிலும் தெரிந்தார், கும்பிட்டபடியே.