ஃபுல் என்று பெயரிட்ட படம்

என் அன்புக்கும், கொஞ்சம் பயத்துக்கும் உரிய மாமாவுக்கு,

நீங்கள் போய் அடுத்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. வீட்டில் எல்லாரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி கம்மியாகியிருக்கிறது, பேச்சு ஜாஸ்தியாகியிருக்கிறது. உங்கள் மகன் பிரபு உங்கள் நாற்காலியில் உட்கார ஆரம்பித்துவிட்டார். முதலில் தயங்கினார், இப்போது எழுந்திருக்கத்தான் தயங்குகிறார்.

நலம் விசாரிக்க மட்டும் இதை எழுதவில்லை. ஒரு தப்பைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் படங்களுக்கெல்லாம் நான் பெயர் மாற்றிவிட்டேன்.

கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வாங்கிச் சேர்த்த சிடிக்களை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கறுப்பு ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வைத்தீர்களே, அந்தப் படங்கள். வீட்டு வீடியோக்களையும் சேர்த்து மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. டிவியில் செருகினால் நீளமாக ஒரு பட்டியல் வரும். அதை உங்களைத் தவிர யாராலும் படிக்க முடியாது.

பிரபு ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, படங்களையெல்லாம் அதில் ஏற்றி, மீடியா சர்வர் என்ற மென்பொருளைப் போட்டார். நம்மிடம் இருக்கிற ஒவ்வொரு கோப்பும் எந்தப் படம் என்று அது இணையத்தில் விசாரித்து, போஸ்டர், நடிகர்கள், கதைச் சுருக்கம் எல்லாம் சேர்த்து டிவியில் அடுக்கிக் காட்டும். ஒரே நிபந்தனை, கோப்பின் பெயர் சரியாக இருக்க வேண்டும். படத்தின் பெயர், ஓர் இடைவெளி, அடைப்புக்குறிக்குள் வெளியான ஆண்டு. இரண்டு சிடியில் வந்த படமானால் ஒரே பெயரைப் போட்டுக் கடைசியில் சிடி1, சிடி2 என்று சேர்க்க வேண்டும். இல்லையென்றால் முதல் பாதியில் காதலித்தவர்கள் ஒரு படமாகவும், இரண்டாம் பாதியில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் வேறு படமாகவும் நிற்பார்கள்.

அந்த மென்பொருள் படத்தைப் பார்ப்பதே இல்லை மாமா. பெயரை மட்டும் பார்த்து முடிவுக்கு வருகிறது. கல்லூரி நூலகத்தில் இருபது வருடமாக வேலை செய்கிறேன், மதிப்புரை எழுதுகிறவர்கள் பலர் இதே முறையில் நன்றாகவே வாழ்கிறார்கள். அதனால் எனக்கு அதன்மேல் குறை ஒன்றும் இல்லை.

குறை உங்கள் பெயர்களில் இருந்தது. ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் வைத்த பெயர்கள். ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தீர்கள், ழகரம் இரண்டு இடத்தில் ஒரே மாதிரி வந்ததில்லை. பல படங்களுக்குத் தலைப்பே கிடையாது. ‘பெரிய மீசை தங்கச்சி சாவும் முக்கால்.’ ‘கோர்ட்டு படம் அரை.’ ‘மாமியார் கொடுமை கால்.’ இந்தக் கடைசிப் பெயரை அத்தையிடம் நான் சொல்லவில்லை.

இவற்றை வைத்துக்கொண்டு மென்பொருளும் தன்னால் ஆனதைச் செய்தது. தெரியாது என்று சொல்வது அதற்குப் பழக்கமில்லை. உங்கள் பேத்தியின் காதுகுத்து வீடியோவை ஆள் கடத்தும் கும்பலைப் பற்றிய கொரியப் படம் என்று சொல்லி, கத்தி வைத்திருக்கிற ஒருவரின் போஸ்டரை ஒட்டியது. பௌர்ணமியன்று பஸ் ஸ்டாண்டில் பிரபு எடுத்த வீடியோ, மனிதர்கள் ஓநாயாக மாறுகிற தொடரின் முதல் பாகம் ஆனது. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் டியூட்டி பார்த்தவர் நீங்கள். அதில் எவ்வளவு உண்மை என்று உங்களுக்குத்தான் தெரியும்.

எனக்குப் பிடிபடாதது ஒன்றுதான். ஏறக்குறைய எல்லாப் பெயரின் கடைசியிலும் அரை, கால், முக்கால் என்று ஏதாவது ஒன்று இருந்தது. எங்கள் நூலகத்தில் பக்கம் கிழிந்த புத்தகங்களுக்குத் தனி அலமாரி உண்டு. அந்தப் பழக்கத்தில், இதெல்லாம் பாதியில் நின்றுபோன பிரதிகள் என்று நினைத்தேன். ஒவ்வொன்றின் கடைசி ஐந்து நிமிடத்தையும் ஓட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் போலீஸ் வந்தது, எல்லாரும் சிரித்தார்கள், வணக்கம் போட்டு முடிந்தது. அரை டிக்கெட்டுக்கும் முழு டிக்கெட்டுக்கும் முப்பது வருடம் வித்தியாசம் பார்த்த மனிதர் இங்கே மட்டும் ஏன் குழம்பினார்?

மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். பெயர் மாற்றுவதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. தேவையில்லாத சொற்களைக் கொடுத்தால் எல்லாப் பெயரிலிருந்தும் அவற்றை நீக்கிவிடும். புதுசு, ஒரிஜினல், அரை, கால், முக்கால், ஃபுல் என்று கொடுத்தேன். ஃபுல் மூவி என்று போடாத கோப்பு உலகத்தில் ஏது? பிறகு ஒவ்வொரு படமாகப் பார்த்து உண்மைத் தலைப்பையும் ஆண்டையும் தட்டினேன். ஏற்கெனவே போஸ்டர் வந்துவிட்ட சிலதை மட்டும் அப்படியே விட்டேன். மூன்றாம் ஞாயிறு சாயங்காலம் முந்நூற்றுப் பன்னிரண்டும் போஸ்டரோடு பளிச்சென்று நின்றன. அந்தப் பெருமையில் கறுப்பு ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்து, வேலூரில் இருக்கிற உங்கள் மகளுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

போன ஞாயிறு காலையில் அத்தை வேர்க்கடலை உரித்துக்கொண்டு டிவிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“கவிதா, அந்த ஃபுல் படத்தைப் போடும்மா.”

“எல்லாமே ஃபுல் படம்தான் அத்தை. ஒவ்வொண்ணா பார்த்துட்டேன்.”

“எல்லாம் எப்படி ஃபுல்லாவும்? ஃபுல்லு ஒண்ணுதான். மீதியெல்லாம் அரையும் காலும்.”

“அதையும் பார்த்துட்டேங்க. எதுவும் குறையல.”

“நீ பார்த்த. அவுரு பார்த்தாரா? அவுரு ஃபுல்லா இருந்தது அது ஒண்ணுக்குத்தான்.”

பிரபு பேப்பரைக் கீழே இறக்கினார். “அப்பா ஃபுல்லா இருந்தாரா?”

“ஆமாண்டா. நானே அசந்துட்டேன். கண்ணு ரெண்டும் செவந்துபோச்சி.”

“எத்தினி மணிக்கு ஆரம்பிச்சாரு?”

“மத்தியானம் சாப்ட்டுட்டு ரெண்டு மணிக்கு. அஞ்சு வரிக்கும் வுடல.”

“தனியாவா?”

“நானும்தான் கூட உக்காந்துனு இருந்தேன். ஒரு தட்டு வேர்க்கடலை வெச்சிக்கினு.”

“நீயுமாம்மா?”

அத்தை உரிப்பதை நிறுத்தி மகனின் முகத்தை ஒரு நிமிடம் படித்தார். “ஐய, இன்னாடா நெனச்ச? தூங்காம பார்த்தாருடா! முழுப் படமும் முழிச்சினு இருந்தாரு!”

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது மாமா. எந்தப் படம் போட்டாலும் நீங்கள் நடுவில் தூங்கிவிடுவீர்களாம். எழுந்ததும் முதல் வேலையாக, எவ்வளவு தூரம் பார்த்தோம் என்று பெயரின் கடைசியில் போட்டுவைப்பீர்களாம். அரை, கால், முக்கால். படம் முழுசாகத்தான் இருந்திருக்கிறது, பயணிதான் வழியில் இறங்கியிருக்கிறார். முந்நூற்றுச் சொச்சம் படம் வைத்திருந்த நீங்கள் ஒன்றே ஒன்றைத்தான் கடைசி வரை பார்த்திருக்கிறீர்கள். அசதியா, அல்லது அது உங்கள் விமர்சனமா? கேட்கலாம் என்றால் நீங்கள் இல்லை.

“அந்த ஒண்ணுல மட்டும் ஏன் அத்தை தூங்கல?”

“அதுல அவுரு வராருமா. நம்ம பஸ் ஸ்டாண்டுல புடிச்சாங்க. எப்ப வருவோம்னு தெரியல, அதான் கண்ணு மூடல.” ஒரு கடலையை உரித்து, வாயில் போடாமல் தட்டிலேயே வைத்தார். “தெவசம் முடிஞ்சு எல்லாரும் போன பொறவு அத ஒரு வாட்டி பார்க்கணும். அவுரு நடக்கறதப் பார்க்கணும். ஃபோன்ல இருக்கறதெல்லாம் ஆஸ்பத்திரில படுத்துனு இருக்கறது.”

நான் ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் எதைத் தேடுவது?

“படத்தோட பேரு இன்னா அத்தை?”

“ஃபுல்லு.”

“அது மாமா வெச்ச பேரு. நெஜப் பேரு?”

“யாருக்குத் தெரியும்? சிடில பேரு வர எடத்துல கீறலு.”

“யாரு நடிச்சது?”

“ஒங்க மாமனாரு.”

“வேற யாரு?”

“வேற யாரோ ஒரு ஆளு.”

“கதை?”

“ஒரு அம்மா இருப்பாங்க. அழுவாங்க.”

முந்நூற்றுப் பன்னிரண்டில் காதுகுத்து வீடியோ உட்பட எல்லாவற்றிலும் ஓர் அம்மா இருக்கிறார், அழுகிறார்.

சிரித்துக்கொண்டேதான் தேட ஆரம்பித்தேன். வரிசையாகப் போஸ்டர்களைத் தள்ளிக்கொண்டே போகப் போக அந்தச் சிரிப்பு வற்றிவிட்டது. எல்லாம் பெயர் தெரிந்த நடிகர்களின் படங்கள், ஒன்றிலும் நம் பஸ் ஸ்டாண்டு இல்லை. ஃபுல் என்ற சொல்லைக் குப்பை என்று நீக்கியவள் நான். பழைய பெயர்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்தவளும் நானே. அத்தை, “இல்லன்னா வுடு” என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டிராத வாக்கியம் அது.

அந்தப் பெயர் மாற்றும் கருவியில், என்னென்ன மாற்றினோம் என்ற பட்டியல் ஒரு மூலையில் இருக்கும் என்று பிரபுதான் நினைவுபடுத்தினார். திறந்தோம். இடது பக்கம் நீங்கள் வைத்த பெயர், வலது பக்கம் நான் வைத்தது. கீழே வந்துகொண்டே இருந்தபோது ஓர் இடத்தில் இடது பக்கம் ‘ஃபுல்’ என்று மட்டும் இருந்தது. தலைப்பு இல்லை, மீசை இல்லை. அந்த ஒரு சொல்லையும் நீக்கியதும் பெயர் காலியாகிப்போக, கருவி தன் இஷ்டத்துக்கு ‘1’ என்று போட்டிருந்தது. அந்த ஒன்றைப் பார்த்த மீடியா சர்வர், வெளிநாட்டுச் சிறை ஒன்றில் மொட்டைத் தலையோடு தனியாக அடைபட்ட ஒருவரின் போஸ்டரை ஒட்டிவிட்டது.

அந்த மொட்டைத் தலையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மாமாவுக்கு இப்படியும் ஒரு ரசனையா என்று வியந்து, மரியாதை கருதி விட்டுவைத்தேன். பிறகு, யாரும் பார்க்காத படம் என்று அழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தேன். திங்கட்கிழமை அழிப்பதாக இருந்தேன் மாமா.

சிறைவாசியை அழுத்தினோம். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு வந்தது.

படம் உங்களுக்குத் தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலக்கடலைக் காடு, அம்மா, அழுகை, பட்டணம் போகிற மகன். எந்த இணையத்திலும் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. எடுத்தவர்களே மறந்திருக்கலாம். நீங்கள் எப்போது வருவீர்கள் என்று தெரியாமல் நாங்களும் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணி நேரம் ஆகியும் நீங்கள் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அத்தை வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்.

“அத்தை! அத்தை, வந்துட்டாரு!”

வந்துவிட்டீர்கள். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, உதட்டில் விசில், தலை நிறைய முடி. கதாநாயகன் பின்படியில் தாவி ஏறுகிறான். அவன் இயக்குநர் சொல்லிக்கொடுத்த சோகத்தோடு அங்கேயே நிற்கப் பார்க்கிறான். நீங்கள் அவன் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டு, “உள்ள போ, உள்ள போ, எடம் இருக்குது” என்கிறீர்கள். பிறகு அந்த நெரிசலுக்குள் ஒருக்களித்து நடந்து, பின்னாலிருந்து முன்னால் வரை போகிறீர்கள். அந்த வசனத்தை யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். படத்திலேயே இயல்பாகப் பேசிய ஒரே ஆள் நீங்கள்தான்.

“எடமாம் எடம்!” என்றார் அத்தை. “மூச்சு வுட எடமில்ல. இன்னா பொய்யி பாரு.” சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், “இன்னொரு வாட்டி போடு” என்றார். நாலு தடவை போட்டோம். நாலு தடவையும் இடம் இருக்கிறது என்றீர்கள்.

இணையத்தில் தகவல் இல்லாத படத்துக்கு நாமே கையால் விவரம் எழுதிக்கொள்ளலாம். தலைப்பு: ஃபுல். ஆண்டு எது என்று அம்மாவுக்கும் மகனுக்கும் அரை மணி நேரம் சண்டை. “உனக்கு முன்பல்லு வுழுந்த வருஷம்” என்பதைத் தாண்டி அத்தை இறங்கி வரவில்லை. மென்பொருள் பல் கணக்கை ஏற்காததால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். நடிகர்கள் என்ற இடத்தில் ஏழுமலை என்று உங்கள் பெயரை எழுதி, பாத்திரம் கண்டக்டர் என்று போட்டேன். நீங்கள் விசிலோடு நிற்கிற காட்சியே போஸ்டர். ஒவ்வொரு விவரத்துக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டு இருக்கிறது. அதை அழுத்திவிட்டால் மென்பொருள் அந்த விஷயத்தில் மேற்கொண்டு யோசிக்காது. எல்லாப் பூட்டையும் அழுத்தினேன்.

மற்ற படங்களின் அரை, கால், முக்கால் எல்லாவற்றையும் அந்தப் பட்டியலைப் பார்த்து விவரக் குறிப்பில் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதிவருகிறேன். மாமியார் கொடுமையை நீங்கள் கால் பங்குக்கு மேல் தாங்கவில்லை என்பது இப்போது பதிவாகியிருக்கிறது.

அடுத்த வியாழக்கிழமை திவசம் முடிந்து, சொந்தக்காரர்கள் பஸ் ஏறிய பிறகு, நாங்கள் மூன்று பேரும் இதை முதலிலிருந்து பார்க்கப் போகிறோம். ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மாமா. அத்தை நடுவில் எங்கே கண்ணயர்ந்தாலும் நீங்கள் பின்படியில் வருவதற்குள் எழுப்பிவிடுவேன். அவருக்கும் ஃபுல் என்றே எழுதுவேன்.

முந்நூற்றுப் பதினொரு படங்களுக்கு மட்டுமே பெயர் மாற்றிய,
உங்கள் வீட்டு மருமகள்
கவிதா