கையேந்தும் வேடம்

14-2-1978, செவ்வாய், இரவு

ஆண்டு விழாவுக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பாட்டு நாடகம். பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காகப் போராடிய வரலாறு. காலனியிலிருந்து வரும் கஸ்தூரிக்கு நல்ல குரல். கிணற்றில் இறைத்தபடியே பாடும் தலைவி வேடத்தை அவளுக்குக் கொடுத்தேன். மேலிருந்து ஊற்றும் தண்ணீரைக் கையேந்திக் குடிப்பவன் வேடம் பண்ணையார் மகன் சேகருக்கு. வேண்டுமென்றேதான் கொடுத்தேன்.

இன்று மதியம் பண்ணையார் பள்ளிக்கே வந்துவிட்டார். நான் குடியிருப்பதும் அவர் வீட்டில்தான்.

"நாடகமாவே இருக்கட்டும் டீச்சரம்மா. எம் புள்ள கையேந்தி நிக்க மாட்டான்."

தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மாத்திடுங்கம்மா. நாம இந்த ஊர்லதான இருக்கணும்?"

இருவர் வேடத்தையும் மாற்றிவிட்டேன்.

பத்து நாள் சொல்லிக்கொடுத்தும் சேகருக்குத் தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகிச் சட்டையெல்லாம் நனையும். கஸ்தூரிக்கு நான் எதுவும் சொல்லித்தரவில்லை. மாலை ஒத்திகையில் குனிந்தாள், கைகளை வாயோடு சேர்த்தாள், குடித்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"எவ்ளோ தத்ரூபமா நடிக்குது பாருங்க" என்றார் தலைமையாசிரியர்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "இது எனக்குத் தெரிஞ்சதுதான் டீச்சர். அந்தப் பாட்ட எப்பப் பாடுறது?"

"சேகர் பாடுவான்" என்றேன்.

வேறு வீடு இந்த ஊரில் கிடைக்காது. அரியலூரில் பார்க்கலாமென்றால் காலை பஸ் பள்ளி மணி அடித்த பிறகுதான் வருகிறது. மாற்றல் கேட்டு எழுதினால், பண்ணையார் காதுக்குத்தான் முதலில் போகும்.

தொண்டை வறள்கிறது. பானையில் இருப்பது அவர் கிணற்றுத் தண்ணீர். நான் அதைச் சொம்பில் மொண்டு குடிக்கிறேன்.