காவலி அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள்

நிலாத் தென்முனைச் சுரங்கம், குடியிருப்பு 4
எழுதுவது: வகுளா. யார் கையில் கிடைத்தாலும் முழுசாகப் படிக்கவும்.

நாள் 212 · 07:10
பெருமாள் துணை. காற்றழுத்தம் சரி. தண்ணீர் 38 லிட்டர். அரிசி 140 கிராம், மிளகு ரசம்.
இங்கே வந்தபின் என் வீட்டுக்காரர் வயிற்றுக்குள் வழவழப்புப் பூச்சு சுரப்பது நின்றுவிட்டது. நானே படித்துத் தெரிந்துகொண்டேன்: அந்தப் பூச்சு இல்லாவிட்டால், சோற்றைக் கரைக்கிற அமிலம் வயிற்றையே கரைக்கும். அதனால் ஒரு கருவியை விழுங்க வைத்திருக்கிறார்கள். கோலிக்குண்டு அளவு. உள்ளேயே தங்கி, மணிக்கொருதரம் கூழ் பூசும். பெயர் காவலி. வீட்டு ஒலிபெருக்கியில் பேசும். பெண் குரல்.

நாள் 219 · 12:35
சுரங்கத்திலிருந்து இவர்: "வகுளா, ரசம் வேண்டாம். அவ மிளகு கூடாதுங்கறா."
அவ.
பத்தொன்பது வருஷத்தில் என் சமையலை நன்றாயிருக்கிறது என்று ஒருநாள் சொன்னதில்லை. இப்போது சாப்பிட்டதும் வயிற்றைத் தடவி அவளுக்குத் தாங்க்ஸ் சொல்கிறார். அவளும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். நான் அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை. இதிலும் எழுதமாட்டேன்.

நாள் 226 · 13:05
தயிர்சாதம். இரண்டாவது வாய்க்குள் காவலி: "உப்பு இரண்டு கிராம் கூடுதல்."
எனக்கா அளவு தெரியாது? உப்பு டப்பாவை எடை போட்டேன்.
இரண்டு கிராம் கூடுதல்தான்.

நாள் 231 · 06:00
ஏகாதசி. திதிக்கு நிலாவைப் பார்க்கவேண்டும். நிலாவிலேயே இருப்பதால் கும்பகோணத்துக் கணக்கு. இருவரும் உபவாசம். அடுப்புக்கும் மிக்ஸிக்கும் ஓய்வு. சுவிட்ச் பலகையில் எல்லாவற்றையும் அணைத்தேன். காவலியின் பொத்தானும் அங்கேதான். சாப்பாடே இல்லாத நாளில் பூச்சு எதற்கு? ஒருநாளாவது அவருக்குள் பெருமாள் மட்டும் இருக்கட்டும்.
அதையும் அணைத்தேன்.

நாள் 231 · 16:20
இவருக்கு வாந்தி. காபி ஃபில்டர் மண்டி மாதிரி கறுப்பு. ரத்தம் அமிலத்தில் பட்டால் அந்த நிறம்.
பட்டினியிலும் அமிலம் சுரக்கும் என்று படித்திருந்தேன். காலையில் ஞாபகம் வரவில்லை என்று எழுதப் பார்த்தேன். வந்தது.
காவலியைத் திரும்பப் போட்டேன். பதில் இல்லை.

நாள் 231 · 16:52
மருத்துவ நிலையம்: "கூழ் நின்றால் அமிலம் காவலியையும் தின்றுவிடும். யார் அணைத்தது? கப்பல் வர ஐந்து நாள். அதுவரை மணிக்கொருதரம் மருந்து விழுங்க வேண்டும்."
பழுது என்றேன். உண்மை இதில் மட்டும்.

நாள் 233 · 10:00
மருந்து 60 மில்லி. என் கையால் ஊட்டினால் வாயை மூடிக்கொள்கிறார். அவள் சொல்லட்டும் என்கிறார்.

நாள் 233 · 10:25
தடுப்புக்குப் பின்னால் போனேன். ஒலிபெருக்கியில், அவள் குரலில் நானே: "பூவராகன், இப்போது விழுங்கலாம்."
விழுங்கினார். வயிற்றைத் தடவினார். தாங்க்ஸ் சொன்னார்.
எனக்கில்லை.

நாள் 234 · 09:00
பூவராகன், விழுங்கலாம். 60 மில்லி.

10:00
பூவராகன், விழுங்கலாம். 20 மில்லி. மீதி வழிந்தது.

11:00
பூவராகன், விழுங்கலாம்.

11:04
பூவராகன்.

11:05
மூக்கருகே விரலை வைத்தேன்; மூச்சு படவில்லை. என் குரலில் கூப்பிட்டேன். பூவரா