உன் இங்கிலீஷைப் பற்றி நான் சொன்னது

இன்று காலை நம் ஓட்டல் லினன் ரூம் கதவு திறந்து கிடந்தது. முழுதாகக் காயாத படுக்கை விரிப்பில் இஸ்திரிப் பெட்டி ஏறும்போது வருமே, அந்த வாசனை ரிசப்ஷன் வரைக்கும் வந்துவிட்டது. கொடைக்கானல் சாரலில் எந்தத் துணிதான் முழுதாகக் காய்கிறது? உள்ளே புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் பேசாமல் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்கள். நாம் ஒருநாளாவது வாயை மூடிக்கொண்டு மடித்திருக்கிறோமா?

அந்த முனையை நீ பிடிப்பாய், இந்த முனையை நான். நான் "கெஸ்ட்" என்பேன். நீ இழுத்துக்கொண்டே "வான்ட்ஸ்" என்பாய். "கெஸ்ட்ஸ்" என்றால் "வான்ட்". எனக்கு அதுதான் பிடிபடவே இல்லை. ஆள் பலபேரானால் எஸ்ஸும் கூடத்தானே வேண்டும்? ஃபோன் வீடியோவில் வாத்தியார் எத்தனையோ தடவை சொல்லியும் என் மண்டையில் ஏறாததை நீ ஒரு மடிப்பில் ஏற்றிவிட்டாய்.

"ஏ புள்ள, தனியாப் போற ஆளுக்குத்தான் தொணைக்கு ஒரு எஸ்ஸு. கூட்டமாப் போறவுகளுக்கு எதுக்குத் தொண?"

அப்படியானால் ஐ, யூ எல்லாம் ஒற்றை ஆள்தானே என்று உன்னை மடக்கினேன். நானும் நீயும் வீட்டு ஆளுக, நமக்கு எதுக்கு அதெல்லாம் என்று சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை உதறினாய். தெரிந்துகொண்டாலும் பேசும்போது எனக்கு எஸ் நழுவிக்கொண்டேதான் இருந்தது. நீ சலிக்காமல் திருத்துவாய்.

பிறகு ரிசப்ஷனில் ஒரு இடம் காலியானது. இங்கேயே பேசத் தெரிந்தவர் இருந்தால் வெளியாள் வேண்டாம் என்றார் மேனேஜர். நாம் இருவருமே பெயர் கொடுத்தோம். உனக்குத்தான் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். நீ மாடியில் அறை கழுவிக்கொண்டிருந்த நேரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, உன் இங்கிலீஷ் எப்படி என்று சாதாரணமாகத்தான் கேட்டார். ஆசிட் ஊற்றிப் பாத்ரூம் தேய்த்து என் உள்ளங்கை உரிந்துபோயிருந்த வருஷம் அது. ரிசப்ஷன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஹீட்டர் இருக்கும்.

"ஹி, ஷி வந்தா எஸ் போடவே அவளுக்கு இன்னும் வரல சார். கெஸ்ட் முன்னாடி தடுமாறுவா."

என் தப்பை எடுத்து உன் தலையில் வைத்துவிட்டேன். இங்கிலீஷ் பத்தலையாம் என்று நீ சிரித்தபடி வந்து சொன்னாய். நான் ரிசப்ஷனில் உட்கார்ந்த முதல் நாள் எனக்குச் சேலை மடிப்பு எடுத்துப் பின் குத்திவிட்டவளும் நீதான்.

அதன்பிறகு நீ இங்கிலீஷ் பேசவே இல்லை. வெந்நீர் எப்போது வரும் என்று ஒரு வெள்ளைக்காரம்மா கேட்டதற்கு, மூன்று மாடி இறங்கி என்னைக் கூப்பிட வந்தாய். "தி வாட்டர் கம்ஸ் அட் சிக்ஸ்." எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே நீ. நான் ஏறிப்போய்ச் சொன்னேன். நீ பக்கத்தில் வாளியோடு நின்றாய். எனக்கு அவமானமாக இருந்தது, ஆனாலும் செய்ததை உன்னிடம் சொல்லவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றே நாளைத் தள்ளினேன். போன மழைக்கு உனக்குக் காய்ச்சல் வந்தது. திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பி வரவில்லை.

போன வாரம் உன் மகள் உன் லாக்கரைக் காலி செய்ய வந்தாள். அதிலிருந்த உன் இங்கிலீஷ் நோட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தாள். "அம்மா எம்புட்டு எழுதி வச்சிருக்காங்க பாருங்க சித்தி. ஆனா தனக்கு ஏறவே ஏறாதுன்னுதான் சொல்வாங்க. நானும் அப்படித்தான். எங்க ரத்தத்துலயே இல்ல." காலேஜை விட்டு நின்றுவிடப் போவதாகவும் சொன்னாள். அங்கே எல்லாம் இங்கிலீஷில்தான் நடத்துகிறார்களாம்.

இதைக் கேட்ட பிறகு என்னால் முடியவில்லை. மேனேஜர் கேட்டது, நான் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். உங்கம்மாவுக்கு என்னைவிட நன்றாக வரும் என்றும் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மாவுக்கு இது தெரியுமா?"

தெரியாது என்றேன். நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை. உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் என்னிடமேதான் இருக்கிறது. அவள் காலேஜை விடவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். நேற்று நான் வந்த செண்பகனூர் பஸ்ஸில் காலேஜ் பையோடு ஏறினாள். என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. கடைசி வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.