காரணம் எழுதாத வரி

பழைய கணினி வன்தட்டுகள் சூடேறும்போது வரும் அந்தத் தூசி மணம் இப்போது என் அறை முழுக்க நிற்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு உன்னைத் திட்டுகிறேன், மச்சான். என் கோபத்தை இறக்கிவைத்தால் குடாநாட்டுக் கிணறுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் கொதிக்கும். அவ்வளவு கோபம்.

கணினியை இயக்கும் கேர்னல் என்ற மென்பொருளுக்கும் பழைய வன்தட்டுகளுக்கும் நடுவே நின்று பேசும் டிரைவர் நிரல் ஒன்றை நீயும் நானும் சம்பளமில்லாச் சக்கரவர்த்திகளாகப் பராமரித்தோமே, அதற்குப் போன கிழமை ஒருவர் திருத்தம் அனுப்பினார். தட்டு "எழுதிவிட்டேன்" என்று சொன்ன பிறகும் கேர்னலைக் கொஞ்சம் காக்க வைக்கிறதே அதில் நீ எழுதிய வரி, அதை நீக்க வேண்டுமாம். "காரணம் எங்கும் எழுதப்படவில்லை, வேகம்தான் குறைகிறது" என்கிறார். திங்கட்கிழமைக்குள் நான் காரணம் காட்டாவிட்டால் வரி போய்விடும். பிறகு கரண்ட் போகும் நேரத்தில் யாரோ ஒருவர் எழுதிவைத்ததும் போய்விடும்.

எனக்குக் காரணம் தெரிந்தால்தானே காட்ட! அந்த வரியை நீ சேர்த்த அன்றே கேட்டேன்.

"இதுகளிலை ஒரு தட்டு பொய் சொல்லுது, மச்சான்."

"எதெண்டு எழுதி வையடா."

வடையைக் கடித்தபடி சிரித்தாய். "எழுதினா ஆர் வாசிக்கிறது? சந்தேகமெண்டா எனக்கொரு கோல் எடு. நான் எங்கை போகப்போறன்?"

எங்கேயடா போனாய்? போன மாரியில், என்னை ஒரு சொல் கேட்காமல் கண்ணை மூடிவிட்டாய்.

உரும்பிராய்க்கு, உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி கட்டிலுக்குக் கீழே கிடந்த தட்டுகளைக் காட்டினார்.

"எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போங்கோ, அண்ணை. இருக்கேக்கையும் மனுசன் உதுகளோடைதான் குடும்பம் நடத்தினது."

"பொய் சொல்லுற தட்டு எதெண்டு உங்களுக்குச் சொன்னவனோ?"

"எனக்கோ? கறிக்கு உப்புக் காணாதெண்டதையே அவர் எனக்குச் சொன்னதில்லை."

பதினொரு தட்டுகள். உன் வரியை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை எழுதி, "எழுதிவிட்டேன்" என்று தட்டு சொன்ன கணமே பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பக் கொழுவிப் பார்த்தேன். மறுபடியும் பிடுங்கினேன். யாழ்ப்பாணம் கண்ட மின்வெட்டுகள் எல்லாவற்றையும் விட அதிகமான மின்வெட்டு இந்த ஓர் அறையில் நடந்தது. மூன்றாம் நாளான இன்று, பத்தாவது தட்டு பிடிபட்டது. கோப்பின் கடைசிப் பாதியைக் காணவில்லை. கள்ளன்! உன் வரியைத் திரும்பச் சேர்த்துப் பிடுங்கினேன். கோப்பு முழுசாக இருந்தது.

தட்டின் பெயரையும் அதன் பொய்யையும் உன் வரிக்கு மேலே விரிவாக எழுதி அனுப்பினேன். உடனே மறுமொழி வந்தது: "திருத்தத்தை மீளப் பெறுகிறேன். இதை முன்பே எழுதி வைத்திருக்கலாமே?"

உனக்கு விழ வேண்டிய ஏச்சு. நானே வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு டிரைவரை முதல் வரியிலிருந்து வாசித்தேன். காரணம் எழுதாமல் நீ விட்ட வரிகள் இன்னும் பதினேழு இருக்கின்றன. ஒன்றையும் எவரையும் தொட விடமாட்டேன். ஒவ்வொன்றுக்கும் உன்னோடு எனக்குத் தனித்தனியாகச் சண்டை இருக்கிறது.