வாசம் ஆகாத உனக்கு

இன்று காலை கீழ்க்காட்டில் பருத்திக்கு மருந்து அடித்தார்கள். காற்று நம் வீட்டுப் பக்கம் திரும்பியதும் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். கதவிடுக்கில் ஈரத்துணியைச் செருகினேன். பிறகுதான் யாருக்காகச் சாத்துகிறேன் என்று உறைத்தது. நீ போய் நாலு வருஷமாகிறது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாம் தொடங்கியது, நம் குன்னத்துப் பக்கமெல்லாம் பருத்தியில் காய்ப்புழு விழுந்த வருஷம். அடித்த மருந்து காய்வதற்குள் அடுத்த மருந்து. நான் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு அடிக்க, நீ கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து கலந்து கொடுத்தாய். ஒரு சாயங்காலம் வரப்பிலேயே வாந்தி எடுத்து விழுந்தாய். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தாய். சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

அதன்பிறகு ஒவ்வொரு வாசமாக உனக்கு ஆகாமல் போனது. முதலில் மண்ணெண்ணெய். அப்புறம் ஊதுபத்தி, பவுடர், சோப்பு, கடைசியில் புதுத்துணிகூட. மூக்கில் பட்டதும் மண்டை பிளக்கும், முகம் மரத்துப்போகும், தொண்டை அடைக்கும்.

பெரம்பலூரில் ரத்தம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். திருச்சியில் ஒருவர் சைனஸ் என்றார், இன்னொருவர் ஒற்றைத் தலைவலி என்றார். மற்றொருவர் என்னைத் தனியே அழைத்து, எல்லாம் மனசுதான் என்றார். காத்துக்கருப்பு என்று உன் அம்மா சொன்னதால் பேயோட்டும் கோடாங்கியிடமும் போனோம். அவன் உன் முகத்துக்கு நேரே சாம்பிராணிப் புகையைப் போட்டான். நீ மூச்சுக்குத் தவித்தபோது, "பாத்தீங்களா, எறங்கப் போவுது" என்றான். உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தேன்.

"ஏங்க, ஒண்ணுமில்லன்னா எனக்கு ஏன் இப்படிப் பண்ணுது?" என்று வழியெல்லாம் கேட்டாய்.

அரியலூரில் அந்த டாக்டரம்மா மட்டும்தான் பருத்திக்காட்டைப் பற்றி விசாரித்தார். "மருந்து நரம்பைப் பாதிச்சிருக்கலாம். அலர்ஜியாவும் இருக்கலாம். உறுதியாச் சொல்ல எனக்கு வழியில்லம்மா. ஆனா உங்க வலி நெசம்" என்றார். பஸ் ஸ்டாண்டு வரும்வரை நீ அழுதுகொண்டே வந்தாய்.

"நான் நடிக்கலன்னு ஒருத்தராவது சொன்னாங்களே."

நம் மகளுக்கு மஞ்சள் நீராட்டு நடந்த அன்று வீடெங்கும் சந்தனமும் மல்லியும். நீ தெருவுக்கு எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்தாய். "பெத்த பொண்ணு சடங்குக்கே இவ்ளோ திமிரு" என்று யாரோ சொன்னது உன் காதிலும் விழுந்தது. ஜனம் கலைந்ததும் நம் மகள் தலைப்பூவைப் பிய்த்தெறிந்தாள். வெறும் தண்ணீரைத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, பழைய பாவாடையோடு உன்னிடம் ஓடினாள்.

"இப்ப கட்டிக்கம்மா. ஒரு வாசமும் இல்ல."

அதற்குப் பல வருஷம் கழித்து, ஓர் ஐப்பசி மழையில் உனக்கு மூச்சுத் திணறியது. வேன் பிடித்தோம். உள்ளே டீசல் நெடி. "எறக்கி வுடுங்க, நடந்தே வரேன்" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். இறக்கினால் ஆஸ்பத்திரி இல்லை, இறக்காவிட்டால் மூச்சு இல்லை. உன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "இந்தா வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஊர் எல்லையில் உன் பிடி தளர்ந்தது. ஆஸ்பத்திரியில் இதயம் நின்றுவிட்டது என்றார்கள். ஏன் நின்றது என்று யாரும் சொல்லவில்லை.

உன் தலைமாட்டில் ஊதுபத்தி கொளுத்த வந்தவர்களை நம் மகள் மறித்தாள். மாலையையும் வாங்கி வெளியே வைத்தாள். "செத்த பொறவு என்ன வாசம் தெரியப் போவுது?" என்றார் ஒரு பெரியவர். "எங்கம்மாவுக்கு ஆவாதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவளை அரியலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். போன வாரம் பார்க்கப் போனேன். சோறு கொதிக்கும் வாசம் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். திரும்பி வந்து, "மசக்கைதாம்ப்பா. எல்லாருக்கும் வரதுதான்" என்று சிரித்தாள். சம்பந்தியம்மா என் கையில் சர்க்கரை வைத்தார். அதை வாயில் போடாமல் கைக்குள்ளேயே மூடி வைத்துக்கொண்டேன்.

மசக்கையாகத்தான் இருக்கும். இருக்க வேண்டும். ஆனால் அந்தப் புழு வருஷத்தில், சின்னக் குடத்தோடு அவளும் உன் பின்னாலேயே நடந்து வந்தாளே. கலந்த மருந்து தளும்பி அவள் காலிலும் சிந்தியதே.

இதை அவளிடம் நான் எப்படிச் சொல்வேன்? உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.